எலுமிச்சைத் தொட்டிக்குப் போன சத்து மாத்திரை

கொஞ்சம் நீளமான இழை. செடி வளர்ப்பில் ஆரம்பிச்சு வேற எங்கேயோ போய் நிக்கும். பொறுமை இருக்கிறவங்க மட்டும் வாங்க.

ரெண்டு மாசம் முன்னாடி, சாயங்கால ஓபி முடியப்போற நேரம். அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒண்ணுலேர்ந்து ஒரு அக்காவும் தம்பியும் வந்தாங்க. (அனுமதி வாங்கித்தான் எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாத்தியிருக்கேன்.) அக்கா ஆறு மாசக் கர்ப்பம், ரெண்டாவது குழந்தை. தம்பி சிங்கப்பூரில் வேலை, லீவுக்கு வந்திருக்காரு.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனா அது தீவிரம். இவங்க அந்த விளிம்புல நிக்கிறாங்க.

"சத்து மாத்திரை குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்க சார்."

"சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன் சார்."

பதில் வந்த வேகத்திலேயே சந்தேகம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள தம்பி குறுக்கே வந்தாரு. நான் வீட்டு மாடியில செடி வளர்க்கிற ஆளுன்னு யாரோ சொல்லியிருக்காங்க.

"சார், ஒண்ணு கேக்கலாமா? சிங்கப்பூர்ல சைனீஸ் நியூ இயருக்கு வாசல்ல ஒரு செடி வைப்பாங்க. குட்டிக் குட்டியா ஆரஞ்சு கலர்ல பழம் தொங்கும், தோலோட அப்படியே சாப்பிடலாம். கும்குவாட்டுன்னு பேரு. அதை நம்ம வீட்ல வைக்கலாமா? வீட்ல ஒரு எலுமிச்சை இருக்கு, அது வெளிறிப் போய் நிக்குது. அதை எடுத்துட்டு இதை வைக்கலாம்னு பாக்குறேன்."

போனை நீட்டினாரு. பெரிய சிமெண்ட் தொட்டியில ஒரு எலுமிச்சை. கீழ் இலைகள் பச்சை. மேல் கொழுந்து முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையா வலை பின்னின மாதிரி தெரியுது. பாடப் புத்தகத்துல போடலாம், அவ்வளவு தெளிவான படம்.

"இதுக்கு இரும்புச்சத்து இல்ல தம்பி"ன்னேன்.

அக்கா சிரிச்சிட்டாங்க. "அதுக்குத்தான் சார் என் மாத்திரை எல்லாத்தையும் அதுலயே போட்டேன்."

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. எனக்குச் சிரிக்கிறதா திட்டுறதான்னு தெரியல. ரெண்டும் செய்யல. உட்காரச் சொல்லிட்டு, மாத்திரை சாப்பிட்டா என்ன ஆகுதுன்னு கேட்டேன்.

அந்தப் பதிலுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல தம்பியோட கேள்வி. ஏன்னா ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு.

கும்குவாட் சீனாவோட செடி. கான்டனீஸ் மொழியில 'தங்க ஆரஞ்சு'ன்னு அர்த்தம். ராபர்ட் ஃபார்ச்சூன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1846-ல் இதை லண்டனுக்குக் கொண்டுபோனார். தோல் இனிக்கும், உள்ளே புளிக்கும். அதனால முழுசா வாயில போட்டுக்கணும். எலுமிச்சை, ஆரஞ்சு வகையிலேயே குளிரை நல்லாத் தாங்குற செடி இது. குளிர்காலத்துல தூங்கி எழுந்திருக்கிற பழக்கம் உள்ளது. சிங்கப்பூர் வாசல்ல நிக்கிறது அங்கே வளர்ந்தது இல்ல, பண்டிகைக்காக சீனாவிலிருந்து கப்பல்ல வர்ற தொட்டிகள். பண்டிகை முடிஞ்சா பல தொட்டிகள் குப்பைக்குத்தான் போகும்.

நம்ம ஊர் நர்சரிகள்ல 'சைனா ஆரஞ்சு'ன்னு குடுக்கிறது பெரும்பாலும் கும்குவாட் கிடையாது. அது கலமாண்டின், மலேசியாவுல 'லீமாவ் கஸ்தூரி'ன்னு சொல்ற பழம். கும்குவாட்டும் கமலா ஆரஞ்சும் கலந்த வாரிசு. உருண்டையா இருந்து, தோல் ஈஸியா உரிஞ்சு, உள்ளே எலுமிச்சை மாதிரி புளிச்சா அது கலமாண்டின். முட்டை வடிவத்துல நீளமா இருந்து, தோல் இனிச்சா கும்குவாட். கலமாண்டின் நம்ம வெயிலுக்குப் பரவாயில்லாம வளரும். ஜூஸுக்கும் ஊறுகாய்க்கும் நல்லது. வாங்குங்க, ஆனா கும்குவாட் விலை குடுத்து வாங்காதீங்க.

இன்னொண்ணு. சிங்கப்பூர்லேர்ந்து பைக்குள்ள செடியைச் சுருட்டிக் கொண்டு வர்றது சட்டப்படி தப்பு. 2003-ல் வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி நோயில்லாச் சான்றும் அனுமதியும் வேணும். கெடுபிடி மாதிரி தோணும். ஆனா ஃபுளோரிடாவுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. எலுமிச்சைக் குடும்பத்தையே அழிக்கிற 'கிரீனிங்' நோய் அங்கே 2005-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருஷத்துக்குள்ள அந்த மாநிலத்து ஆரஞ்சு விளைச்சல் 90 சதவீதத்துக்கும் மேல விழுந்துபோச்சு. ஒரு சின்னத் தத்துப்பூச்சி பரப்புற பாக்டீரியா. இன்னிக்கு வரைக்கும் முழுசா குணப்படுத்துற மருந்து கிடையாது. அந்த நோய் நம்ம நாட்டுலயும் இருக்கு, இருக்கிறது போதும்.

இப்ப முக்கியமான விஷயம், மண்ணு.

நாம உட்கார்ந்திருக்கிற இந்த இடம் ஒரு காலத்துல கடல். சும்மா சொல்லல. பெரம்பலூர் மாவட்டம் காரையில போய் நடந்து பாருங்க, கடல் உயிரினங்களோட ஓடும் சுருளும் கல்லாகிக் கிடக்கும். பக்கத்துல சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாப் படுத்திருக்கு. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகத்துக்குச் சொன்ன மரம். அந்தக் கடல்ல செத்த கோடானுகோடி ஜீவன்களோட ஓடுதான் நம்ம சுண்ணாம்புக்கல். அதனாலதான் அரியலூரைச் சுத்தி இத்தனை சிமெண்ட் ஆலை.

சிமெண்டுக்கு நல்லது எலுமிச்சைக்கு நல்லது இல்ல.

மண்ணுல சுண்ணாம்பு அதிகமானா காரத்தன்மை ஏறும். பிஎச் 8-க்கு மேல போகும். அந்த நிலையில மண்ணுல இருக்கிற இரும்பு தண்ணில கரையாத துருவா மாறி உட்கார்ந்துக்கும். மண்ணைச் சோதிச்சா இரும்பு இருக்கும், ஆனா வேருக்குக் கிடைக்காது. நம்ம போர்வெல் தண்ணி உப்புத்தண்ணியா வேற இருந்தா, ஊத்த ஊத்த இன்னும் மோசமாகும். செடி இரும்புக்கு நடுவுல நின்னுக்கிட்டே பட்டினி கிடக்கும்.

கும்குவாட்டுக்கு இதுல கூடுதல் பிரச்சினை ஒண்ணு உண்டு. வெளிநாடுகள்ல அதைப் பெரும்பாலும் 'மூவிலை ஆரஞ்சு'ங்கிற வேர்ச்செடியில ஒட்டுப் போடுவாங்க. சுண்ணாம்பு மண்ணைச் சுத்தமாத் தாங்காத வேர் அது. ஆக, எலுமிச்சையே மஞ்சளாகுற தொட்டியில கும்குவாட்டை வெச்சா அது இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும். நோய் செடியில இல்ல, தொட்டியில. பேஷன்ட்டை மாத்திட்டு வார்டை அப்படியே வெச்சிருந்தா என்ன பிரயோஜனம்?

உங்க மண்ணு எப்படின்னு வீட்டிலேயே பார்க்கலாம். காய்ஞ்ச மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து அது மேல அரை எலுமிச்சம்பழம் பிழியுங்க. சுர்ருனு நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். மண்ணுக்குள்ள வெள்ளை வெள்ளையா சுக்காங்கல் இருந்தா பிழியவே வேணாம், கண்ணாலயே தெரியும். சரியான எண் வேணும்னா மண் பரிசோதனைக்குக் குடுங்க. பெரம்பலூர்க்காரங்களுக்கு வாலிகண்டபுரத்திலயும், அரியலூர்க்காரங்களுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் சோழமாதேவியிலயும் வேளாண் அறிவியல் மையம் இருக்கு. போய்க் கேளுங்க, செடியைப் பத்திப் பேச ஆள் கிடைச்சா அவங்களும் சந்தோஷப்படுவாங்க.

ஆனா எல்லா மஞ்சளும் இரும்பு இல்லைங்கிறதையும் சொல்லணும். கண்ணு மஞ்சளா இருந்தா எல்லாமே ஒரே காமாலை இல்லையே, அந்த மாதிரிதான்.

புதுக் கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சைன்னா இரும்பு. இரும்பு செடிக்குள்ள ஒரு இலையிலேர்ந்து இன்னொரு இலைக்கு எளிதா நகராது. அதனால குறைபாடு புது இலையில முதல்ல தெரியும். பழைய இலை முழுசா வெளிறினா தழைச்சத்து பத்தலை. தழைச்சத்து நகரும். பத்தாக்குறை வந்தா செடி மூத்த இலையிலேர்ந்து உருவி இளசுக்குக் குடுக்கும், நம்ம வீட்டு அம்மாக்கள் மாதிரி. புது இலை சின்னதா, குறுகலா, நரம்புக்கு நடுவுல மஞ்சள் திட்டா வந்தா துத்தநாகம் இல்ல. நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம, வரைபடம் மாதிரி ஒழுங்கில்லாத திட்டு வந்தா கிரீனிங் நோயான்னு சந்தேகப்படுங்க. தோட்டக்கலை ஆள்கிட்ட காட்டுங்க. உறுதியாச்சுன்னா மரத்தை எடுத்துடுறதுதான் பக்கத்து மரங்களுக்கு நல்லது. பக்கத்துலயே கருவேப்பிலை இருந்தா அதையும் பாருங்க. அந்தப் பூச்சிக்குக் கருவேப்பிலையும் வீடுதான்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். எலுமிச்சையைத் தூக்கிப் போடாதீங்க, தொட்டி மண்ணை மாத்துங்க. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி விளையுற செம்மண் இருக்கு. அதுல ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்கின தொழுஉரம் ஒரு பங்கு, கூட ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொட்டிக்குக் கீழே தண்ணி வடிய ஓட்டை கட்டாயம். முடிஞ்சா உப்புத்தண்ணிக்குப் பதிலா மழைத்தண்ணி. (மழைநீர்த் தொட்டியை மூடி வைங்க. தொட்டிக்கு அடியில தட்டு வெச்சா வாரம் ஒரு தடவை கவிழ்த்துக் காய விடுங்க. டெங்கு கொசு முட்டையிட அந்தத் தட்டு போதும். ஐப்பசி கார்த்திகையில என் வார்டுல பாதி கட்டில் அந்தத் தட்டுகளால நிறையுதோன்னு நினைப்பேன்.)

உடனடி நிவாரணம் இலை வழியா. உரக்கடையில அன்னபேதி கேளுங்க. அதுதான் ஃபெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணிக்கு இரண்டரை கிராம், அதுல அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிஞ்சு விடுங்க. புளிப்பு இருந்தா இரும்பு துருவா மாறாம கொஞ்ச நேரம் தாங்கும். வெயில் தணிஞ்ச பிறகு கொழுந்து நனையத் தெளிங்க. துத்தநாக சல்பேட்டுன்னா லிட்டருக்கு 5 கிராம், மார்ச், ஜூலை, அக்டோபர் மாசங்கள்ல புதுத் துளிர் வந்த பிறகு. ரெண்டையும் ஒரே நாள் கலந்து அடிக்க வேணாம். மண்ணுல போடணும்னா சாதாரண அன்னபேதி வீண், மறுபடி துருதான் ஆகும். 'இடிடிஎச்ஏ' வகை இரும்பு கீலேட்டுன்னு கேட்டு வாங்குங்க, சுண்ணாம்பு மண்ணுல வேலை செய்றது அதுதான். மலிவாக் கிடைக்கிற 'இடிடிஏ' வகை நம்ம மண்ணுல சரியா நிக்காது.

தரையில வைக்கிறவங்களுக்கு: கரிசல்ல தண்ணி நிக்கும், எலுமிச்சை வேருக்கு அது ஆகாது. கொஞ்சம் மேடு கட்டி வைங்க. பாத்தி கட்டும்போது தண்ணி அடிமரத்தைத் தொடக்கூடாது. தொட்டா பட்டை வெடிச்சுப் பிசின் வடியும், மரம் போயிடும். ஒட்டுச்செடி வாங்கினா வேர்ச்செடி என்னன்னு கேளுங்க. ரங்கபூர் எலுமிச்சை வேர்னா சுண்ணாம்பைத் தாங்கும். கேட்டா நர்சரிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்ல. நாரத்தை, கிடாரங்காய் வைங்க, நம்ம கொல்லைக்குப் பழகினது. (நாரத்தங்காய் ஊறுகாய் பிரஷர் பேஷன்ட்டுக்கு இல்ல. ஜுரத்துல நாக்கு செத்துப்போனப்ப ஒரு துண்டு, அவ்வளவுதான். தினமும் பழைய சோத்துக்கு ரெண்டு துண்டுன்னா அதுல இருக்கிற உப்பே மாத்திரையைத் தோற்கடிச்சிடும்.)

சரி, அக்காவோட பதிலுக்கு வருவோம்.

"மாத்திரை போட்டா குமட்டுது சார். வாயெல்லாம் இரும்பு வாடை. மலம் கறுப்பாப் போவுது, பயமா இருக்கு. வயித்துல இருக்கிற புள்ளைக்கும் கறுப்பு கூடும்னு மாமியார் சொல்றாங்க. வேணாம்னா நர்ஸம்மா திட்டுவாங்க, அதான் வாங்கிக்கிறேன். குப்பையில போட மனசு வரல. சத்து மாத்திரைதானே, செடிக்காவது போகட்டும்னு..."

இதுல எந்த வரியில அவங்க தப்பு பண்ணிட்டாங்க? சொல்லுங்க. எனக்குத் தெரியல.

மாத்திரையில இருக்கிறது அதே அன்னபேதி சரக்குதான், ஃபெரஸ் சல்பேட். ஒரு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும். நாலாவது மாசத்திலேர்ந்து தினம் ஒண்ணு, குறைஞ்சது 180 நாள், எல்லாம் இலவசம். இந்த அக்காவோட கணக்குல மாத்திரை 'வழங்கப்பட்டது'. கார்டுல டிக் இருக்கு. எங்க பதிவேட்டுல குடுத்த மாத்திரைக்குக் கட்டம் இருக்கு, முழுங்கின மாத்திரைக்குக் கட்டம் இல்ல.

தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரைக்குமான பெண்கள்ல ரத்தசோகை உள்ளவங்க 53.4 சதவீதம். கர்ப்பிணிகள்ல 48.3 சதவீதம். பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததுல நாட்டுக்கே முன்மாதிரியா இருக்கிற மாநிலம் நாம. அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் ரத்தம் இல்லாமத்தான் வர்றாங்க. பிரசவத்துல ரத்தப்போக்கு ஆனா, ஹீமோகுளோபின் 12 இருக்கிற பொண்ணு தாங்கிடுவா. 7 இருக்கிற பொண்ணுக்கு நாங்க ரத்த வங்கிக்கு ஓடணும். அந்த ஓட்டத்துல எல்லா நாளும் நாங்க ஜெயிக்கிறதில்ல.

இதுக்குப் 'பொண்ணுங்க அலட்சியம்'னு பேர் வைக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். குமட்டுதுன்னு சொன்னா நாங்க கேட்டிருக்கணும். "சாப்பிடுறியா?"ன்னு கேட்டா "சாப்பிடுறேன்"னுதான் பதில் வரும். "மாத்திரை போட்டா என்ன பண்ணுது?"ன்னு கேட்டிருந்தா அந்த மாத்திரை எலுமிச்சைக்குப் போயிருக்காது. இருபது வருஷமா முதல் கேள்வியைத்தான் நானும் கேட்டுட்டு இருந்தேன். இதை எழுதுறதுக்கு வெட்கமாத்தான் இருக்கு.

வீட்ல கர்ப்பிணி இருந்தா இதைக் கவனிங்க. மலம் கறுப்பாப் போறது உடம்பு எடுத்துக்காத மிச்ச இரும்பு, பயப்பட வேணாம். குழந்தை நிறத்துக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. குமட்டுனா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், படுக்கப் போகும்போது போடுங்க. வெறும் வயித்துல போட்டா இன்னும் நல்லா ஏறும்தான், ஆனா வாந்தியில போற மாத்திரையைவிட சோத்துக்கு மேல போட்டு உள்ளே தங்குற மாத்திரை மேல். அப்பவும் முடியலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. வேற வகை இரும்பு இருக்கு, ஊசி வழியா ஏத்தலாம். காபி, டீ ஒரு மணி நேரம் முன்னாடி பின்னாடி வேணாம்.

ரொம்ப முக்கியமானது, கால்சியம் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அதையும் குடுக்கிறோம். ரெண்டையும் ஒரே கையில வெச்சு ஒரே மடக்குல முழுங்குறவங்கதான் அதிகம். கால்சியம் இரும்பை உள்ளே ஏற விடாம மறிக்கும். குறைஞ்சது ரெண்டு மணி நேர இடைவெளி வேணும். அரியலூர் மண்ணுல நடக்கிறது வேதியியல், குடல்ல நடக்கிறது வேற வழி. ஆனா ரெண்டு இடத்துலயும் இரும்புக்குக் குறுக்கே நிக்கிறது சுண்ணாம்புச் சத்துங்கிறது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான்.

எலுமிச்சையால இதுல என்ன பிரயோஜனம்? ரீல்ஸ் டாக்டர்கள் சொல்ற அளவுக்கு இல்ல, ஒண்ணுமே இல்லைன்னும் இல்ல. கீரை, கம்பு, கேழ்வரகு, பயறுல இருக்கிற இரும்பு குடல்ல ஏறுறது கஷ்டம். அதோட புளிப்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்தா நல்லா ஏறும். முருங்கைக்கீரைப் பொரியல் மேல எலுமிச்சை பிழியுறது நல்ல பழக்கம். அடுப்பை அணைச்சிட்டுப் பிழியுங்க. ஆனா இரும்பு மாத்திரையோட வைட்டமின் சி சேர்த்தா கூடுதல் லாபம் இருக்கான்னு சீனாவுல 440 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடத்தி 2020-ல் வெளியிட்டாங்க. பெரிய வித்தியாசம் இல்ல. அதனால எலுமிச்சை ஜூஸ் இல்லைன்னு மாத்திரையைத் தள்ளிப் போடாதீங்க. வைட்டமின் சி-க்காகவே கும்குவாட் தேடுறவங்களுக்கு ஒரு கணக்கு: 100 கிராம் கும்குவாட்டுல சுமார் 44 மில்லிகிராம், அதே எடை கொய்யாவுல 200-க்கு மேல. கொய்யா நம்ம சந்தையிலேயே கிடைக்கும்.

'சுண்ணாம்புத் தண்ணி குடிச்சுத்தான் டாக்டர் எனக்குக் கிட்னி கல்லு'ன்னு ஓபியில அடிக்கடி கேக்குறேன். கடினத் தண்ணிதான் காரணம்னு சொல்ல வலுவான ஆதாரம் இல்ல. வெயில்ல உழைச்சிட்டுத் தண்ணியே குடிக்காததுதான் பெரிய காரணம். எலுமிச்சையில இருக்கிற சிட்ரேட் கல்லு சேர்றதைத் தடுக்க உதவும். உப்பும் சர்க்கரையும் போடாம, நிறையத் தண்ணியில கலந்து குடிக்கணும். இருக்கிற பெரிய கல்லை அது கரைச்சிடாது. சிறுநீரகம் செயலிழந்தவங்க டாக்டரைக் கேட்காம இதுல இறங்காதீங்க.

அந்தத் தொட்டியில போட்ட மாத்திரை செடிக்காவது உதவுச்சான்னு தம்பி கேட்டாரு. இல்ல. சுண்ணாம்பு மண்ணுல விழுந்ததும் துருவாயிடுச்சு. அம்மாவுக்கும் போகல, செடிக்கும் போகல. நல்லவேளை, மூணாவதா ஒருத்தர் வாய்க்கும் போகல. அவங்களுக்கு மூணு வயசுல மூத்த பொண்ணு இருக்கு. பத்து கிலோ எடை உள்ள குழந்தை ஒரு அட்டை, அதாவது பத்து மாத்திரை முழுங்கினா உடம்புல 600 மில்லிகிராம் இரும்பு. உயிருக்கே ஆபத்தான அளவு அது. செவப்பா மிட்டாய் மாதிரி வேற இருக்கும். வேண்டாத மாத்திரையைத் தொட்டியிலயோ ஜன்னல்லயோ விடாதீங்க, செவிலியர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.

மருந்துன்னு சொன்னதும் இன்னொரு கோபம் இருக்கு, அதையும் கொட்டிடுறேன்.

எலுமிச்சையில இலையிலயும் காயிலயும் சொறி மாதிரி தடிப்பு வரும். அதுவும் பாக்டீரியா நோய்தான். அதுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் அடிக்கச் சொல்ற பழக்கம் ரொம்ப காலமா இருக்கு. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கிடைச்ச முதல் ஆயுதம், அதைக் கண்டுபிடிச்சதுக்காக வாக்ஸ்மனுக்கு 1952-ல் நோபல் பரிசு குடுத்தாங்க. அதைப் பயிருக்கு அடிக்கிறதை நிறுத்த மத்திய அரசே 2021 டிசம்பர்ல வரைவு ஆணை வெளியிட்டுச்சு. மருந்துக்கு மசியாத காசநோய் பேஷன்ட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஆன்டிபயாடிக்கை ஊறுகாய் மரத்து மேல அடிக்கிறது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம்னு. சொறி பிடிச்ச கிளையை மழைக்கு முன்னாடி வெட்டி எரிச்சிடுங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை ஒரு சதவீதம் அடிங்க. வீட்டு மரத்துக்கு அது போதும்.

பறவை எச்சம் மாதிரி இலையில ஒட்டிக்கிட்டு இருக்கிற புழுவைக் கையால எடுத்துப் போடுங்க. விட்டுட்டாலும் வளர்ந்த மரம் தாங்கும், அழகான வண்ணத்துப்பூச்சி வரும். தயவுசெஞ்சு, பருத்திக்கு வாங்கி மிச்சமான மருந்தை எலுமிச்சைக்கு அடிக்காதீங்க. காலையில அடிச்சிட்டு மத்தியானம் அதுலேர்ந்தே பழம் பறிச்சு ஜூஸ் போட்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கேன். 2017-ல் பருத்திக்கு மருந்தடிச்சு விவசாயிகள் செத்துப்போனது நம்ம பெரம்பலூர் மாவட்டத்துலதான். மிச்ச மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற வீடுகளைப் பத்தித் தனியா ஒரு இழை எழுதணும். இன்னிக்கு வேணாம்.

ரெண்டு சின்ன எச்சரிக்கை. பழம் பிழிஞ்ச கையோட வெயில்ல நின்னா தோல்ல கொப்புளம் வந்து, ஆறினதும் மாசக்கணக்குல கறுப்புத் தழும்பா நிக்கும். சாறும் வெயிலும் சேர்ந்து பண்ற வேலை. கையைக் கழுவிட்டு வெளியே போங்க. முள்ளு குத்தினா, குறிப்பா விரல் மூட்டுல குத்தி வீங்கினா, நாளைக்குச் சரியாயிடும்னு இருக்காதீங்க. சர்க்கரை இருக்கிறவங்க செருப்பில்லாம எலுமிச்சை மரத்தடிக்கே போகாதீங்க. தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆச்சுன்னா டெட்டனஸ் ஊசி போட்டுக்குங்க.

அக்காவுக்கு ஊசி வழியா இரும்பு ஏத்தினோம். குடல்புழு மாத்திரை குடுத்தோம். மாத்திரையை ராத்திரிக்கு மாத்தினோம், கால்சியத்தைக் காலைக்குத் தள்ளினோம். மாமியாரையும் ஒரு நாள் வரச் சொல்லி உட்கார வெச்சுப் பேசினேன். கறுப்பைப் பத்தி அவங்க கேட்ட கேள்விகள்ல நாலு இங்க எழுத முடியாது.

நேத்து வந்திருந்தாங்க. ஹீமோகுளோபின் 9.9. இன்னும் 11 ஆகல, பிரசவத்துக்கு அஞ்சு வாரம் இருக்கு. தம்பி சிங்கப்பூர் திரும்பிட்டாரு. போறதுக்கு முன்னாடி ஆண்டிமடத்துலேர்ந்து ரெண்டு மூட்டை செம்மண் கொண்டு வந்து தொட்டியை மாத்திக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அக்கா போன்ல படம் காட்டினாங்க. பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கு, அது இனி பச்சையாகாது. நுனியில நாலு கொழுந்து மட்டும் புதுசா, பச்சையா வந்திருக்கு.